காதைப் பொத்திக்கொண்டு ஓடியவன்

லெம்பா பெர்த்தாமில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஜான் பனியனின் 'மோட்சப் பிரயாணம்' படித்தோம். இரண்டு பேர் சபைக்குப் போகிறவர்கள், இரண்டு பேர் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு வேலை செய்கிறவர்கள், ஒருவருக்கு எதிலும் ஈடுபாடு இல்லை. கட்சி மதப்படி பிரியும் என்று நினைத்திருந்தேன். அப்படிப் பிரியவில்லை.

கதை தெரியாதவர்களுக்காக: 1678இல் வந்த நூல். நாவல் என்ற வடிவம் சரியாக உருவாகாத காலத்து உருவகக் கதை. கிறிஸ்தியான் என்பவன் தன் ஊர் வானத்து நெருப்பில் அழியப்போகிறது என்று நம்புகிறான். முதுகில் இறக்க முடியாத ஒரு சுமை. கடைசியில் வீட்டை விட்டு ஓடுகிறான். மனைவியும் பிள்ளைகளும் வாசலில் நின்று திரும்பி வரச் சொல்லிக் கதறுகிறார்கள். அவன் இரண்டு காதிலும் விரலைச் செருகிக்கொண்டு, நித்திய ஜீவன் வேண்டும் என்று கத்தியபடி ஓடுகிறான். அதற்குப் பிறகு சேறு, சந்தை, இராட்சதன், நதி எல்லாம் வருகின்றன. எங்கள் பேச்சு வாசலைத் தாண்டவே இல்லை.

சபைக்குப் போகிற அண்ணன் சொன்னார், "இது உருவகம்பா. பொண்டாட்டி புள்ளன்னா நெஜ பொண்டாட்டி புள்ள இல்ல. உலகப் பற்று." அதே சபைக்குப் போகிற அக்கா உடனே கேட்டார், "அப்போ நெருப்பு மட்டும் எப்படி நெஜ நெருப்பாச்சு?"

அந்தக் கேள்விக்கு அன்றைக்கு யாரிடமும் பதில் இல்லை. எனக்கு இன்றைக்கும் இல்லை. விட்டுப்போனதை உருவகமாக்கி, போன காரணத்தை மட்டும் உண்மையாக வைத்துக்கொண்டால் கணக்கு ஓடியவனுக்குச் சாதகமாகத்தான் முடியும்.

இந்தப் பிளவு பழையது. பெர்னார்ட் ஷா பனியனை ஷேக்ஸ்பியருக்கு மேலே வைத்தார். மார்க் ட்வெயினின் ஹக் ஃபின், ஒரு பணக்கார வீட்டு மேசையில் இதே புத்தகத்தைப் புரட்டிவிட்டு, குடும்பத்தை விட்டுப் போன ஒருத்தனைப் பற்றியது, ஏன் போனான் என்றுதான் எழுதவில்லை என்கிறான். ட்வெயின் நக்கலுக்காக எழுதியது. ஆனால் ஹக், குடிகாரத் தகப்பனால் நாசமான பையன். வாசலில் விடப்பட்ட பிள்ளை படித்தால் அந்தப் புத்தகம் அப்படித்தான் தெரியும்.

பனியன் இந்தக் கேள்வியை அறியாதவர் இல்லை. முதல் பதிப்பு வந்த அதே ஆண்டில் இரண்டாம் பதிப்பும் வந்தது. அதில் அவர் புதிதாகச் சேர்த்த பகுதிகளில் இரண்டைக் கவனியுங்கள். ஒன்று, ஓடுவதற்கு முன் கிறிஸ்தியான் மனைவி பிள்ளைகளிடம் தன் பயத்தைச் சொல்லும் இடம். அவர்கள் புத்தி பேதலித்துவிட்டது என்று அவனைப் படுக்க வைக்கிறார்கள். இன்னொன்று, வழியில் ஒரு மாளிகையில் அன்பு என்ற பெயருடைய பெண், குடும்பத்தை ஏன் கூட்டி வரவில்லை என்று கேட்க, அவன் அழுவது. அதாவது முதலில் அச்சான கதையில் அவன் சொல்லவும் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை. இடையில் யாரோ அவரைக் கேட்டிருக்க வேண்டும் என்பது என் ஊகம். ஒருவேளை வீட்டுக்குள்ளேயே.

ஏனென்றால் அவரே அப்படிப் போனவர். அனுமதியில்லாமல் பிரசங்கம் செய்ததற்காக 1660இல் பெட்ஃபோர்டு சிறைக்குப் போனார், 1672 வரை இருந்தார். இனிப் பிரசங்கிக்க மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வெளியே வந்திருக்கலாம். வெளியே நான்கு பிள்ளைகள், மூத்தவள் மேரிக்குக் கண் தெரியாது. இரண்டாம் மனைவி எலிசபெத் நீதிபதிகள் முன் நின்று, பிறர் தயவில்தான் பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள் என்று மன்றாடினார். பனியன் சிறையில் நாடாக்களுக்கு முனை கட்டி விற்று வீட்டுக்குப் பணம் அனுப்பினார். குடும்பத்தைப் பிரிந்தது எலும்பிலிருந்து சதையைப் பிய்த்தது போல இருந்ததாகத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். இந்த மனிதன் காதைப் பொத்தியவன் இல்லை. கேட்டுக்கொண்டே உள்ளே இருந்தவன். தன் நாயகனுக்கு மட்டும் ஏன் விரலைக் கொடுத்தார் என்று யோசிக்கிறேன். கேட்டிருந்தால் ஓடியிருக்க முடியாது என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

நம்மவர்களிடம் இந்தக் கதை புதிதாகத் தெரியாததற்குக் காரணம் இருக்கிறது. சித்தார்த்தன் நள்ளிரவில் போனான். பட்டினத்தார் காதற்ற ஊசியோடு எல்லாவற்றையும் விட்டார், ஆனால் தாயின் சிதைக்குத் தீ வைக்கத் திரும்பி வந்தார். தாய்க்கு ஒரு கடன் உண்டு என்று நம் கதை ஒத்துக்கொள்கிறது. மனைவி என்ன ஆனாள் என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. கம்பனில் ஊறிய வைணவர் கிருஷ்ண பிள்ளை, 1858இல் ஞானஸ்நானம் பெற்றவர், பனியனைத் தழுவி 1894இல் 'இரட்சணிய யாத்திரிகம்' என்ற காவியம் தந்தார். திருநெல்வேலிப் பக்கம் அந்தக் காலத்தில் மதம் மாறுவது என்றால் பந்தியும் உறவும் அறுவதுதான். அவருக்கு அந்த வாசல் வெறும் உருவகமாக இருந்திருக்காது.

தத்துவவாதி பெர்னார்ட் வில்லியம்ஸ் இதை ஓவியர் கோகனை வைத்துக் கேட்டார். குடும்பத்தை விட்டுவிட்டுத் தீவுக்குப் போய் மகத்தான படங்கள் வரைந்தால் போனது சரியா? வரைய முடியாமல் போயிருந்தால்? வெற்றிதான் நியாயம் என்றால் போகும் நாளில் யாருக்கும் நியாயம் தெரியாது. கிறிஸ்தியானுக்கு இந்தச் சிக்கல் இல்லை. மோட்ச நகரம் இருக்கிறது என்று ஆசிரியரே உத்தரவாதம் தருகிறார். நிஜத்தில் அப்படி யாரும் எழுதித் தருவதில்லை.

எங்கள் பள்ளத்தாக்கில் வீட்டை விட்டு வந்தவர்களுக்குப் பஞ்சமே இல்லை. எங்கள் தாத்தாக்கள் கங்காணி பேச்சை நம்பிக் கப்பலேறியவர்கள். ஊரில் ஒரு குடும்பம், இங்கே ஒரு குடும்பம் என்று வாழ்ந்து முடித்தவர்கள் உண்டு. இப்போது கொழுந்து பறிப்பதும் காய்கறித் தோட்டத்தில் குனிவதும் பெரும்பாலும் வங்காளதேசிகள், நேபாளிகள், இந்தோனேசியர்கள். சாயங்காலம் ரிங்லெட் கடைவாசலில் பார்த்தால், கைப்பேசித் திரையில் ஒரு குழந்தை, இந்தப் பக்கம் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைக்கும் ஓர் ஆள். அவர்கள் போனது வீட்டுக்காக, கிறிஸ்தியான் போனது தனக்காக என்று எங்களில் எதிலும் ஈடுபாடில்லாதவர் பிரித்துக் காட்டினார். ஆனால் தாத்தாக்களில் பலரும் வீட்டுக்காகத்தான் கிளம்பினார்கள், பாதி வழியில் அது தனக்காக மாறிப்போனது. இந்தக் கோடு அவர் சொன்ன அளவுக்கு நேராக இல்லை.

1684இல் பனியன் இரண்டாம் பாகம் எழுதினார். மனைவி கிறிஸ்தியானாளும் நான்கு மகன்களும் அதே வழியில் கிளம்புகிறார்கள். பலருக்கு இது சமாதானம் தருகிறது. எனக்குத் தரவில்லை. புருஷனிடம் கடுமையாக இருந்துவிட்டேனே என்று அவள்தான் அழுகிறாள். விடப்பட்டவளே மன்னிப்புக் கேட்டு முடிப்பது ஆசிரியருக்கு வசதி. பின்னால் அவள் ஒத்துக்கொண்டதால் அன்றைக்கு வாசலில் பட்ட கடன் தீர்ந்துவிடாது.

இதை நான் சொன்னபோது அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. அவர் வீட்டுக்காரர் ஊழியத்துக்கென்று போய்ப் பல வருஷமாகிறது. அக்காவுக்கு முதல் பாகத்தைவிட இரண்டாம் பாகம்தான் பிடிக்கும். "அதுல மெதுவாத்தான் போறாங்க தம்பி. புள்ளைங்க நடக்கற வேகத்துக்கு," என்றார். அப்புறம் எடுத்துப் பார்த்தேன். உண்மைதான். கூட ஒரு காவலர் வருகிறார், வழியில் தங்குகிறார்கள், ஒரு பையனுக்கு வயிற்றுவலி வந்து மருந்து கொடுக்கிறார்கள், பிள்ளைகள் வளர்ந்து கல்யாணமும் நடக்கிறது. யாரும் காதைப் பொத்திக்கொள்ளவில்லை.