சுவருக்குள் இருக்கும் ஈரம்

விற்பவன் தன் பொருளின் குறையைத் தானாகவே சொல்ல வேண்டுமா, அல்லது கேட்டால் மட்டும் சொன்னால் போதுமா? சந்தையில் கத்தரிக்காய் விற்பவரிலிருந்து வீடு விற்பவர் வரைக்கும் உள்ள கேள்விதான் இது. கி.மு. 44 இல் ரோமானியரான சிசெரோ, ஏதென்சில் படித்துக்கொண்டிருந்த தன் மகனை விளித்துக் கடமைகள் பற்றி ஒரு நூல் எழுதினார். அதன் மூன்றாம் பகுதியில் இந்தக் கேள்விக்கென்றே பல பக்கங்கள் இருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் மெய்யியல் படிக்கத் தொடங்கி 2008 இல் பாதியில் விட்டவன் நான். சிசெரோவை அங்கே படிக்கவில்லை. இங்கே பாரிசில், சேன் நதிக்கரைப் பழைய புத்தகப் பெட்டியொன்றில் இரண்டு யூரோவுக்கு வாங்கி, உணவகத்தில் மத்தியான வேலைக்கும் இரவு வேலைக்கும் இடைப்பட்ட மூன்று மணித்தியாலங்களில் அகராதியோடு படித்தேன்.

அவர் தரும் உதாரணங்கள் இரண்டு. ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்சாந்திரியாவிலிருந்து ஒருவன் கப்பலில் தானியம் கொண்டு வருகிறான். இன்னும் பல கப்பல்கள் தானியத்தோடு பின்னால் வருவதை வழியில் கண்டவன். அதைச் சொன்னால் விலை விழுந்துவிடும். சொல்ல வேண்டுமா? அடுத்தது, ஒருவன் வீடு விற்கிறான். நோய் தரும் வீடு, படுக்கையறைகளில் பாம்பு வரும், மரங்கள் உழுத்துப்போனவை. வீட்டுக்காரனைத் தவிர வேறொருவருக்கும் இது தெரியாது. பபிலோனின் டியோஜெனிஸ் (பீப்பாய்க்குள் படுத்த டியோஜெனிஸ் இல்லை, இவர் வேறு) சொல்கிறார்: சட்டம் கேட்கிற குறைகளைச் சொல்லு, சூழ்ச்சி செய்யாதே, அதற்கு மேல் பேசாமல் இருப்பது மறைப்பது ஆகாது, வாங்கச் சொல்லி ஒருவரும் உன்னைக் கட்டாயப்படுத்தவில்லையே. அவருடைய மாணவர் அன்ரிபாற்றர் மறுக்கிறார்: விற்பவனுக்குத் தெரிந்த எதுவும் வாங்குபவனுக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது. சிசெரோ மாணவரின் பக்கம் நிற்கிறார்.

அந்த உழுத்த மரத்தை நான் கையால் அள்ளியிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் உணவகத்தின் சமையற்காரர் 1990 இல் இங்கு வந்தவர். எனக்குக் கூடப்பிறக்காத அண்ணர். நாங்கள் இருவரும் மூன்று வருடங்களுக்கு முன் காசு போட்டு ஒரு பழைய கம்பிங்கார் வாங்கினோம். 1989 ஆம் ஆண்டு பியற் டுக்காற்றோ, 2.5 லீற்றர் டீசல், சாரதியின் தலைக்கு மேலே நெற்றி மாதிரித் துருத்திக்கொண்டு ஒரு படுக்கை. "வீடில்லாதவனுக்கு ரயர் பூட்டின வீடோ?" என்று லாச்சப்பலில் ஒருவர் சிரித்தார். இருபது சதுர மீற்றர் அறையில் நாலு பேராகப் படுத்து எழும்புகிறவனுக்கு, ஓகஸ்ற்றில் உணவகம் பூட்டுகிற மூன்று கிழமையில் கடற்கரையோரம் கதவைத் திறந்துவைத்துத் தேத்தண்ணி குடிக்க ஆசை வருவதற்கு விளக்கம் தேவையில்லை.

இந்த வண்டிகள் கட்டப்பட்ட விதத்தைச் சொல்லாவிட்டால் என் கேள்வி விளங்காது. முன்பாதி தொழிற்சாலையில் வந்த சாதாரண வான். பின்பாதி, வேறொரு கம்பனி அதன்மேல் கட்டிய பெட்டி. அந்தக் காலத்துப் பெட்டிகளில் வெளியே மெல்லிய அலுமினியத் தகடு, உள்ளே சில மில்லிமீற்றர் ஒட்டுப்பலகை, நடுவில் மரச்சட்டங்களும் ரெஜிபோமும். தகடுகள் சந்திக்கும் மூலைகளை ஒரு பட்டி மூடியிருக்கும். பட்டிக்குக் கீழே பசை. பட்டியைப் பிடிக்கத் திருகாணிகள். காலம் போகப் பசை காய்ந்து வெடிக்கும், திருகாணி துருப்பிடிக்கும். மழைத் தண்ணீர் மயிரிழை அளவு வழியால் உள்ளே போகும். போன தண்ணீருக்கு வெளியே வர வழியில்லை. ஒரு பக்கம் தகடு, மறுபக்கம் பலகையில் ஒட்டிய பிளாஸ்ரிக் தாள். மரச்சட்டம் கறுத்து, நனைந்த பாண் மாதிரி ஆகிவிடும். வெளியே தகடு மினுங்கிக்கொண்டே இருக்கும். உள்ளே புதுத் தாள் ஒட்டிவிட்டால் அங்கேயும் ஒன்றும் தெரியாது. கூரை யன்னலடி, முன்படுக்கையின் மூலைகள், பின் விளக்குகளுக்கு மேலே உள்ள பகுதி ஆகியவைதான் வழமையான இடங்கள். கண்டுபிடிக்க மூக்கும் பெருவிரலும் உதவும். நிச்சயமாக அறிய ஒரு சிறு கருவி இருக்கிறது. அதன் இரண்டு ஊசிகளைப் பலகையில் அழுத்தினால் ஈரத்தை வீதத்தில் காட்டும். இருபதைத் தாண்டினால் கவலைப்பட வேண்டும்.

பிரான்சில் நாலு வருடத்துக்கு மேற்பட்ட வாகனத்தை விற்பதென்றால், ஆறு மாதத்துக்குட்பட்ட பரிசோதனைத் தாள் ஒன்று காட்ட வேண்டும். பிறேக், ஸ்ரியறிங், விளக்கு, புகை, அடிச்சட்டத் துரு எல்லாம் பார்த்து அந்தத் தாளைத் தருவார்கள். குடியிருக்கும் பெட்டியின் சுவருக்குள் என்ன இருக்கிறதென்று பார்ப்பதில்லை. வண்டி ஓடும் என்பதற்குத்தான் முத்திரை. வீடு நிற்குமா என்பது வாங்குபவனின் பாடு.

விற்றவர் நோர்மண்டியில் ஒரு ஓய்வூதியக் கிழவர். மரியாதையான மனிதர், கோப்பி தந்தார். காஸ் அடுப்பை மூட்டிக் காட்டினார். காஸிலும் பற்றறியிலும் மின்சாரத்திலும் ஓடக்கூடிய குளிர்பெட்டியை மூன்று விதமாகவும் ஓடவிட்டுக் காட்டினார். டைமிங் பெல்ற் மாற்றிய பற்றுச்சீட்டை எடுத்து நீட்டினார். பின்பக்க இடது மூலையில் ஒரு திரைச்சீலை தொங்கியது. அவர் அதற்கு முன்னால் நின்று கதைத்தார். எங்களுடையது சமையலறைப் பிரெஞ்சு. 'சூடு, பின்னாலை வாறன், தட்டு முடிஞ்சுது' என்பதெல்லாம் தண்ணீராக வரும். ஒழுக்குக்கும் உக்கலுக்கும் அதில் சொல் இல்லை. கிழவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. நவம்பரில் அந்த மூலைப் பலகையைக் கழற்றியபோது சட்டம் கரண்டியால் அள்ளும் பதத்தில் இருந்தது. வெளியே பட்டியோரத்தில் சிலிக்கன் இரண்டு நிறத்தில் இருந்தது. கீழே சாம்பல், மேலே வெள்ளை. இரண்டு தடவை பூசியவருக்கு எதற்காகப் பூசினோம் என்று தெரிந்துதான் இருக்கும்.

அந்த மாரி முழுக்க எங்கள் திங்கட்கிழமைகள் அதற்குத்தான் போயின. முதலில் பழைய சிலிக்கனைச் சுரண்ட வேண்டும், அதன்மேல் வேறெந்தப் பசையும் ஒழுங்காகப் பிடிக்காது. மறைக்கப் பூசியது பிறகு வருகிறவனின் திருத்த வேலையையும் கெடுக்கிறது. நான் இதை உவமையாகச் சொல்லவில்லை, விரல் நகம் தேய்ந்த அனுபவத்தில் சொல்கிறேன். நல்ல மரம் வரும்வரை வெட்டினோம். புதிய பைன் சட்டம், பொலியூறெத்தேன் பசை, ரெஜிபோம், பலகை. பட்டிக்குக் கீழே இறுகிப்போகாத பியூற்றில் பசை, துருப்பிடிக்காத திருகாணி. இறைச்சியில் எலும்பு எங்கே பிரியும் என்று தெரிந்த அண்ணருக்கு, மரத்தில் உக்கல் எங்கே முடியும் என்பதும் இரண்டாம் கிழமையே கைவந்துவிட்டது.

கிழவர்மேல் இருந்த கோபம் வேலையோடு போய்விட்டது. கேள்விதான் மிஞ்சியது. டியோஜெனிசின் வாதத்தில் ஒளிந்திருக்கும் ஒரு அனுமானம் எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. வாங்குபவனும் கண்ணுள்ளவன், பார்த்து வாங்கட்டும் என்று சொல்லும்போது, சந்தையில் நிற்கும் இருவரும் ஒரே மொழி பேசுகிறவர்கள், ஒரே பொருட்களை ஒரே விதமாகப் பார்க்கப் பழகியவர்கள் என்று அவர் எடுத்துக்கொள்கிறார். வந்தேறிக்குக் கண் இருக்கிறது. ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியாது, தெரிந்தாலும் கேட்கச் சொல் இருக்காது. அந்தக் கிழவர் அதே வண்டியை ஒரு கராஜ்காரருக்கு விற்றிருந்தால் அவருடைய மௌனம் அவ்வளவு பாரமாக இருந்திருக்காது. கராஜ்காரர் திரைச்சீலையை விலக்கியிருப்பார். சொல்லும் கடமை எல்லோருக்கும் ஒரே அளவாக வருவதில்லை. மற்றவனால் எவ்வளவு பார்க்க முடியவில்லையோ அவ்வளவுக்கு அது கனக்கிறது. எங்களுடைய பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைப் புகழும்போது, கூடுதலாக வாங்காதவர்கள், குறைத்துக் கொடுக்காதவர்கள் என்று புகழ்கிறது. அது அளவின் நேர்மை. மௌனத்தின் நேர்மை இன்னும் சிக்கலானது.

ரோமானியச் சட்டத்தில் இன்னொரு விடயம் இருக்கிறது, படித்த அன்று இரவு நித்திரை வரவில்லை. சந்தையை மேற்பார்த்த அதிகாரிகள் ஒரு கட்டளை போட்டிருந்தார்கள். அடிமையை விற்பவன் அவனுடைய நோயையும் குறையையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அந்தக் குறைகளில் ஒன்று, அவன் தப்பியோடுகிறவனா, அலைந்து திரிகிறவனா என்பது. தப்பியோடுகிறவனுக்கான அந்த இலத்தீன் சொல்லும், இன்று என் அட்டையில் அகதி என்பதற்கு எழுதியிருக்கும் பிரெஞ்சுச் சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தவை. மறைகுறை பற்றிய இன்றைய சட்டத்தின் மூதாதை அந்தக் கட்டளைதான். ஓடிப்போகும் குணம் ஒரு காலத்தில் பொருளின் மறைகுறையாக இருந்திருக்கிறது.

1804 ஆம் ஆண்டின் பிரெஞ்சுக் குடியியல் சட்டம், 1641 ஆம் பிரிவில், விற்ற பொருளின் மறைகுறைக்கு விற்றவனைப் பொறுப்பாக்குகிறது. தெரிந்தே விற்றவன் நட்டஈடும் கொடுக்க வேண்டும். 2016 இல் வந்த திருத்தம் இன்னும் ஒரு படி போகிறது. மற்றவரின் சம்மதத்தைத் தீர்மானிக்கக்கூடிய ஒரு தகவல் உனக்குத் தெரிந்து, நியாயமான காரணத்தால் அவருக்குத் தெரியாமல் இருந்தால், நீ சொல்லியாக வேண்டும். ஆனால் பொருளின் பெறுமதி பற்றிய மதிப்பீட்டைச் சொல்லத் தேவையில்லை. என் வாசிப்பில், உழுத்த வீட்டில் அன்ரிபாற்றரும் தானியக் கப்பலில் டியோஜெனிசும் வென்றிருக்கிறார்கள். ரோட்சில் பட்டினி கிடந்தவர்கள் இதை ஒத்துக்கொள்வார்களா தெரியாது.

ஒரு வாசகர் இங்கே என்னை மடக்கலாம். அப்படியென்றால் அகதி விசாரணையில் அதிகாரிக்கு முன்னால் எல்லாவற்றையும் கொட்ட வேண்டுமா? அங்கே பார்க்க முடியாதவர் அவரல்லவா? வட்டுவாகலை அவர் கண்டதில்லையே. நியாயமான கேள்வி. என் பதில், பார்க்க முடியாதவர் யார் என்பதோடு இழக்கப்போகிறவர் யார் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். வண்டி விற்பனையில் என் மௌனத்தால் இழப்பவன் கேட்பவன். விசாரணை அறையில், சொன்னாலும் சொல்லாவிட்டாலும் இழப்பவர் சொல்பவர்தான். சில வேளை அவரை வள்ளத்தில் ஏற்றிவிட்டு ஊரில் இருப்பவரும் இழப்பார். அந்த மனிதரின் பெயரை வாய்க்குள் வைத்திருப்பதை மறைப்பு என்று சொல்ல என்னால் முடியாது. அகதிகளுக்கான ஐ.நா. உயர் ஸ்தானிகராலயம் 1979 இல் வெளியிட்ட கைநூலே, உண்மைகளைக் கண்டறிந்து எடைபோடும் பொறுப்பு கேட்பவருக்கும் விசாரிப்பவருக்கும் பொதுவானது என்கிறது. பொய் சொல்வது வேறு விவகாரம், அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும்.

இவ்வளவும் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தபோது எங்கள் முறை வந்தது. அண்ணரின் மகளுக்கு லியோனில் படிப்பு. அறைக்கு முற்பணம் கட்ட வேண்டும், வண்டியை விற்போம் என்றார். வாங்க வந்தவன் போன வருடம் விசா கிடைத்த தம்பி ஒருவன், இருபத்திநாலு வயது, கோப்பை கழுவுகிறான். கடற்கரைக்குப் போக அவனுக்கு வண்டி வேண்டாம். அதற்குள் குடியிருக்கப் போகிறான். நாங்கள் திருத்திய மூலை கல்லு மாதிரி இருந்தது. முன்படுக்கையின் வலது மூலையை நாங்கள் திறக்கவில்லை. கருவி அங்கே இருபத்திநாலு காட்டியது.

"எங்களுக்கு ஆரும் சொன்னவையே? கேட்டாச் சொல்லுவம். கேக்காட்டி ஏன் வாயைக் குடுப்பான்?" என்றார் அண்ணர். அவர் கெட்டவர் இல்லை. ஊரில் இருந்து வருகிற எத்தனையோ பேருக்குத் தன் அறையில் பாய் விரித்தவர். டியோஜெனிசை அவருக்குத் தெரியாது, ஆனால் வசனம் அச்சொட்டாக அதுதான். தம்பியோ ஒன்றும் கேட்கவில்லை. "நீங்கள் சொன்னாச் சரி அண்ணை" என்றான். எங்கள் ஆட்கள் என்ற நம்பிக்கை அவன் கண்ணைக் கிழவரின் திரைச்சீலையைவிட நன்றாக மூடியிருந்தது.

நான் அவனை மேலே ஏற்றி, ஊசிகளை அழுத்தி, எண்ணைக் காட்டினேன். தண்ணீர் எந்தப் பக்கத்தால் வருகிறது, விட்டால் இரண்டு மாரியில் என்ன ஆகும், திருத்த எவ்வளவு போகும் என்றெல்லாம் சொன்னேன். கவனமாகக் கேட்டான். பிறகு ஒன்றே ஒன்று கேட்டான்.

"அண்ணை, அப்ப மற்றப் பக்கம் தலையை வச்சுப் படுக்கலாம்தானே?"

அன்ரிபாற்றர் கேட்டதை நான் செய்து முடித்துவிட்டேன். எனக்குத் தெரிந்த எதுவும் அவனுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் வேண்டாம் என்று சொல்லக்கூடியவனுக்குத்தான் தகவல் உதவும். அவனுக்கு அந்தக் கிழமை முடிவதற்குள் அறை விட வேண்டும். நான் சொன்னதால் என் நெஞ்சுப் பாரம் குறைந்தது. அவன் படுக்கைமேல் ஒழுகப்போகும் தண்ணீரில் ஒரு துளி குறையவில்லை. சிசெரோவின் பக்கங்களில் இப்படியொருவன் வரவில்லை, அவருடைய வாங்குபவர்கள் எல்லோரும் வேறு வீடு பார்க்கக்கூடியவர்கள்.

அடுத்த இரண்டு திங்கட்கிழமைகளும் முன்மூலையைத் திறந்தோம். அண்ணர் முணுமுணுத்துக்கொண்டே வெட்டினார், தம்பி பலகை பிடித்தான். விலையில் அண்ணர் பத்து யூரோவும் விடவில்லை. கடைசியில் கருவி பதின்மூன்று காட்டியது. திறப்போடு சேர்த்து அதையும் அவன் கையில் கொடுத்தேன். மழை பெய்து இரண்டு நாளைக்குப் பிறகு அளக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு இரவு வேலைக்குப் போனோம்.