எட்டு பதில்கள்

நெம்மேலியில் எந்த வயரும் நெடுநாள் தாங்குவதில்லை. ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் பக்கிங்காம் கால்வாய். ஊரை ஒட்டிக் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் இருக்கின்றன. 2013இல் திறந்தது நாளுக்கு 10 கோடி லிட்டர், 2024இல் திறந்தது 15 கோடி லிட்டர். அவ்வளவு தண்ணீரிலிருந்து உப்பைப் பிரிக்கத் தெரிந்த ஊரில், வீட்டுக்குள் வரும் காற்றிலிருந்து அதைப் பிரிக்க வழியில்லை. பழைய வீடியோ கேம் பெட்டியின் கன்ட்ரோலர் வயரைச் சீவிப் பார்த்தேன். உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது. பெட்டிக்கு உயிர் இருக்கிறது, வயருக்கு இல்லை. அதனால் இந்த வயர்லெஸ் கன்ட்ரோலர். பெட்டியைச் செய்தவர்களுக்கும் இதைச் செய்தவர்களுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது.

*

பெட்டியே அசல் இல்லை. மசாயுகி உயெமுரா வடிவமைத்து 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் நின்டெண்டோ விற்பனைக்கு விட்ட ஃபேமிகாமின் நகல். தொண்ணூறுகளில் ரிச்சி தெருவிலும் பர்மா பஜாரிலும் வாங்கிவந்த பெட்டிகளில் பெரும்பாலானவை இந்த ஜாதிதான். அசலில் தனித்தனியாக இருந்த சில்லுகளை ஒன்றாக்கி, மேலே கறுப்புப் பிசினைச் சொட்டு விட்டு மூடியிருப்பார்கள். நமக்கு நின்டெண்டோ என்ற பெயர் தெரியாது. டிவி கேம், கேசட், மாரியோ, கான்ட்ரா, டேங்க். அவ்வளவுதான்.

நகலுக்கு ஒரு நகல் துணை. இதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. அசலைத் தொட்டுப் பார்க்காமலேயே ஒரு தலைமுறை விளையாடி முடித்துவிட்டது.

*

பழைய கன்ட்ரோலரைத் திறந்தால் ஒரே ஒரு முக்கியமான சில்லு. அசலில் அது 4021 என்ற ஷிஃப்ட் ரெஜிஸ்டர். கார்பன் பூசிய ரப்பர் தகட்டைத் தொட்டால் ஒரு பொத்தான் அழுந்தியதாகக் கணக்கு. பெட்டி முதலில் ஒரு துடிப்பை அனுப்புகிறது: இந்தக் கணத்தில் எது அழுந்தியிருக்கிறதோ அதை அப்படியே பிடித்து வை. பிறகு ஒவ்வொன்றாகக் கேட்கிறது. ஏ, பி, செலக்ட், ஸ்டார்ட், மேல், கீழ், இடம், வலம். வரிசை மாறாது. எட்டுக் கேள்வி, எட்டு பதில். அழுத்தியிருந்தால் 0, இல்லையென்றால் 1. படம் ஒருமுறை மாறுவதற்குள் இது முடிந்துவிடும். அடுத்த படத்துக்கு மறுபடியும் முதலிலிருந்து.

வயர்லெஸ் கன்ட்ரோலர் விஷயத்தில் பெட்டியோடு பேசுவது கன்ட்ரோலர் இல்லை, போர்ட்டில் செருகிய சின்ன ரிசீவர்தான். ரேடியோ வழியே கடைசியாக வந்த செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு, பெட்டி கேட்கும்போது அதே வரிசையில் எட்டு பதில்களைச் சொல்கிறது. யார் சொல்கிறார்கள் என்று பெட்டி பார்ப்பதில்லை. 1983இல் கேட்ட விதத்திலேயே இன்றும் கேட்கிறது. புதிதாக வந்தவர்தான் அதன் பாஷையில் பேச வேண்டியிருக்கிறது.

*

ரிசீவரைச் செருகுவதற்கு முன் மல்டிமீட்டர். நகல் பெட்டிகள் பலவற்றில் இருப்பது ஒன்பது பின் போர்ட். செகா பெட்டிகளிலும் ஒன்பது பின்தான். பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள், ஆனால் 5 வோல்ட் வருகிற பின் வேறு. எது எங்கே என்று அளந்து பார்க்காமல் செருகினால் சோதனை அங்கேயே முடிந்துவிடும்.

*

முதலில் டேங்க் கேம். நாம்கோவின் ‘பேட்டில் சிட்டி’, 1985. டேங்க் நான்கு திசைகளில் மட்டும்தான் போகும். வலப்பக்கம் அழுத்திக்கொண்டே கட்டைவிரலை லேசாகப் புரட்டிப் பார்த்தேன். திசைப்பட்டை மோசமாக இருந்தால் டேங்க் சொல்லாமலே மேலேயோ கீழேயோ திரும்பிவிடும். இது திரும்பவில்லை. கான்ட்ராவில் மாறாக, வலமும் மேலும் சேர்ந்து அழுந்தினால்தான் சாய்வாகச் சுட முடியும். அங்கேயும் பரவாயில்லை. பட்டை கொஞ்சம் இறுக்கம், பழகிவிடும்.

மாரியோ வேறு விதம். பி-யை அழுத்திப் பிடித்தால் ஓட்டம், ஏ-யைத் தொட்டால் குதி. இரண்டுக்கும் ஒரே கட்டைவிரல்: நுனி பி-யில், கணு ஏ-யில். ஏ-யை எவ்வளவு நேரம் பிடிக்கிறோமோ அவ்வளவு உயரம் குதிக்கும். அழுத்துவதை மட்டுமல்ல, விடுவதையும் கன்ட்ரோலர் சரியான நேரத்தில் சொல்ல வேண்டும். இந்தக் கன்ட்ரோலரில் இரண்டு பொத்தான்களுக்கும் நடுவே இடைவெளி ஒரு மயிரிழை அதிகம். அளந்து செய்தவருக்கு அந்த மயிரிழை தெரியாமல் போயிருக்கலாம். கணு உடனே சொல்லிவிட்டது.

*

தாமதம். எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான்.

நொடிக்கு 240 படம் எடுக்கும் ஃபோனில் கட்டைவிரலும் டிவியும் ஒன்றாகத் தெரியும்படி வைத்துப் பிடித்தால், அழுத்தியதிலிருந்து மாரியோ அசைவது வரை எத்தனை படம் என்று எண்ணலாம். ஒரு படம் சுமார் 4 மில்லிசெகண்ட். ஆனால் இதில் டிவியின் பங்கும் இருக்கிறது. பெட்டி தரும் பழைய சிக்னலை எல்சிடி டிவி வாங்கி, பெரிதாக்கி, மெருகேற்றிக் காட்டுவதற்குள் நேரம் போகிறது. பழைய குண்டு டிவிக்கு அந்தச் சிரமம் இல்லை. அதனால் அதே டிவியில் வயருள்ள ஒரு கன்ட்ரோலரையும் சோதித்து, வித்தியாசத்தை மட்டும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இதற்கும் மேல் ஒரு சங்கதி. வயரிலும் எல்லா அழுத்தமும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்ததில்லை. நம் ஊர் டிவியின் பிஏஎல் முறைக்கு நொடிக்கு 50 படம், அதாவது 20 மில்லிசெகண்டுக்கு ஒருமுறைதான் கேள்வி. கேள்வி முடிந்த மறுகணம் அழுத்தினால் அடுத்த கேள்வி வரை காத்திருக்க வேண்டும். ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் நொடிக்கு 60. அந்த 60க்கு எழுதிய கேசட்டை 50இல் ஓட்டிய பெட்டிகளில் மாரியோ ஆறில் ஒரு பங்கு மெதுவாக நடந்தார், பாட்டும் அவரோடு மெதுவாக நடந்தது. யாருக்கும் அது குறையாகத் தெரியவில்லை. நமக்குத் தெரிந்த மாரியோவின் வேகமே அதுதான்.

கை தாமதத்தை மன்னித்துவிடுகிறது என்று தோன்றுகிறது. ஒழுங்கின்மையைத்தான் மன்னிப்பதில்லை. கரைவலை இழுப்பவர்களுக்குக் குரல் கொடுப்பவர் மெதுவான கதியில் கொடுத்தாலும் தோள்கள் அதற்கு இசைந்துவிடும். ஒருமுறை முந்தி, மறுமுறை பிந்திக் கொடுத்தால் கயிறு ஆளுக்கொரு பக்கம் போகும். இந்தக் கன்ட்ரோலரின் தாமதம் பெரும்பாலும் சீராக இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பையன் விளையாடிவிட்டு, “நல்லாத்தானேண்ணா இருக்கு?” என்றான். அவன் கை இந்தத் தாமதத்திலேயே குதிக்கக் கற்றுக்கொண்டது. சராசரித் தாமதத்தை மட்டும் அட்டையில் அச்சிடுகிறவர்கள், அது எவ்வளவு அலைபாய்கிறது என்பதையும் சேர்த்துப் போடலாம்.

*

சீர் குலைவது எப்போது? 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை பொதுவழி. வைஃபை, புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பின் கசிவு எல்லாம் அதில்தான். கன்ட்ரோலரை முதுகுக்குப் பின்னால் வைத்து விளையாடிப் பார்த்தேன். உடம்பில் பெரும்பகுதி தண்ணீர், தண்ணீர் இந்த அலையை விழுங்கும். மாரியோ தயங்கினார். இரும்பு பீரோவின் மறைவில் இன்னும் மோசம்.

தொடர்பு அறுந்தால் ரிசீவர் என்ன சொல்கிறது என்பதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ‘எதுவும் அழுந்தவில்லை’ என்று சொன்னால் ஆட்டக்காரர் நின்றுவிடுவார். கடைசியாக வந்த ‘வலம்’ என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னால் அவர் பாட்டுக்கு நடந்து பள்ளத்தில் விழுவார். இது நிற்கிறது. என் கணக்கில் இதுதான் பெரிய மதிப்பெண்.

*

வயரைக் கழற்றும் ஆசை புதிதில்லை. 1983இலேயே அடாரி ரேடியோ ஜாய்ஸ்டிக் விற்றது. 1989இல் நின்டெண்டோ அகச்சிவப்பு ஒளியில் ஒன்று செய்தது, நடுவே யாராவது நடந்துபோனால் ஆட்டம் அறுந்துவிடும். 2002இல் அதே நின்டெண்டோவின் வேவ்பேர்ட் கன்ட்ரோலர் வந்த பிறகுதான் வயர் இல்லாததை நம்பலாம் என்று ஆனது. இப்போது ஷென்செனின் 8பிட்டோ போன்றவர்கள் பழைய பெட்டிகளுக்கென்றே ரிசீவர் செய்கிறார்கள்.

*

இனி இரண்டாவது போர்ட். அசல் ஃபேமிகாமின் இரண்டாவது கன்ட்ரோலரில் ஸ்டார்ட்டும் செலக்ட்டும் கிடையாது. வீட்டில் இளையவன் என்பதால் எனக்கு எப்போதும் அப்படிப்பட்டதுதான். வயர்லெஸ்ஸில் இரண்டும் ஒன்றே, யார் முதல் என்று முடிவு செய்வது செருகும் இடம். இரண்டு ரிசீவர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது ஒன்றின் பேச்சில் மற்றொன்று குறுக்கிடுகிறதா என்று பார்க்க வேண்டும். அக்கா செங்கல்பட்டிலிருந்து வருகிறாள், அவளோடு டேங்க் கேம். கூட்டாளியைச் சுட்டால் அவருடைய டேங்க் கொஞ்ச நேரம் நகராமல் மினுங்கிக்கொண்டு நிற்கும். அது கன்ட்ரோலரின் கோளாறு இல்லை என்று ஆட்டம் தொடங்கும் முன்பே அவளிடம் சொல்லிவிட வேண்டும்.