இல்லாமையும் கைத்திறனும்

1990களில், பொருளாதாரத் தடையினால் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் அருகியபோது மோட்டார்ச் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. எனவே சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலை ஊட்டி, இயந்திரம் சூடேறிய பின்னரே அதற்கு மாற்றினர். துவிச்சக்கர வண்டியின் டைனமோ வானொலியை இயக்கிற்று.

இவை மக்களின் அறிவாற்றலுக்குச் சான்றுகளே. ஆயினும், வறுமையே திறமையை வளர்க்கிறது என்று இவற்றைக் கொண்டு வாதிப்போரை நாம் ஏற்கலாமா? அவ்வாதம் தடை விதித்தவர்களைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதாகும். புகையைச் சுவாசித்தவனும், தேய்ந்த இயந்திரத்தைத் தன் கூலியைக் கொண்டு திருத்தியவனும் உழைப்பாளியே. இல்லாமை திறமையைப் படைக்கவில்லை. முன்பே இருந்த திறமையைப் பிழைப்புக்கே செலவிட வைத்தது. கைத்திறனைப் போற்றுவோம், அதனை அவ்வாறு முடக்கிய நிலைமையை எதிர்ப்போம்.