கவாத்தும் கம்பளியும்

பெரியம்மா வீட்டுக் கூடத்தில் ஒரு நாள்காட்டி தொங்கும். வருஷம் மாறினாலும் படங்கள் பெரிதாக மாறாது. ஜனவரியில் பனி மூடிய மலை, ஏப்ரலில் இளஞ்சிவப்புப் பூமரம், அக்டோபரில் தரையெல்லாம் மஞ்சள் இலை. ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு வேத வசனம். பனி உருகும், மரம் பூக்கும், உன் துக்கமும் அப்படியே மாறும் என்பதுதான் பன்னிரண்டு மாதத்துக்கும் சேர்த்து அதன் செய்தி.

அந்த வீடு இருப்பது திரிங்காப்பில். பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜா போகும் சாலையில், மலைச்சரிவெல்லாம் காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகள் மின்னும் சின்ன ஊர். பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ நான்கரை டிகிரி. பெரியம்மா பனி விழுந்து பார்த்ததில்லை. ஒரு மரம் மொத்த இலையையும் உதிர்த்துவிட்டு நிற்பதைக் கண்டால், அதற்கு ஏதோ நோய் என்றுதான் நினைப்பார்.

கேமரன் மலையில் பருவம் என்றால் மழைதான். ஏப்ரல், மேயில் ஒரு சுற்று. அக்டோபர், நவம்பரில் இன்னொரு சுற்று. ராத்திரியில் 15, 16 டிகிரிக்கு இறங்கும் குளிர் வருஷம் முழுக்க உண்டு. டார்ஜிலிங்கில் குளிர்காலம் வந்தால் தேயிலைச் செடி உறங்கும், சில மாதம் பறிப்பு நிற்கும். எங்கள் மலையில் அந்த உறக்கமும் இல்லை. சுமார் மூன்று வாரத்துக்கு ஒருமுறை அதே செடி, அதே கொழுந்து. 1929-ல் ஜே.ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கினார், 1933-ல் பாரத் தோட்டம் வந்தது என்று வருஷக் கணக்கு சொல்லலாம். செடிக்கு எந்த வருஷமும் ஒன்றுதான்.

பருவம் மாறாத ஊரில் பருவத்தைக் காட்டி ஆறுதல் சொல்லலாமா? இது வெறும் பூகோளக் கேள்வி என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

*

பெரியம்மாவின் ஒரே மகன் காய்கறி லோரி ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு அக்டோபர் மழையில், சிம்பாங் பூலாய் இறக்கத்தில், லோரி பள்ளத்தில் இறங்கிவிட்டது. எனக்கு அப்போது 21 வயது. சபையில் வாலிபர் கூட்டத்தை நடத்துகிறவன் நான்தான். வேதமும் தெரியும், பேச்சும் வரும். இரண்டும் சேர்ந்த ஒரு பையனைத் துக்க வீட்டுக்குள் விடவே கூடாது என்று இப்போது தோன்றுகிறது.

அடக்கம் முடிந்து நாலாம் நாள். பெரியம்மா அடுப்படிப் படியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, யோவான் சுவிசேஷத்தின் 15-ஆம் அதிகாரத்திலிருந்து பேச ஆரம்பித்தேன். பிதா தோட்டக்காரர், நாம் கொடிகள், அதிகம் கனி தருவதற்காகத்தான் அவர் கிளைகளை நறுக்குகிறார். முப்பது வருஷத்துக்கு மேல் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர் ஆயிற்றே, அவருக்குப் புரிகிற உவமையாகச் சொல்வோம் என்ற கெட்டிக்காரத்தனம் வேறு. "கவாத்து வெட்டுற மாதிரிதான் பெரியம்மா. வெட்டினாத்தானே துளிர்க்கும்?"

அவர் அழவில்லை. கோபப்படவும் இல்லை. பிரட்டுக்களத்தில் புது ஆளுக்கு வேலை சொல்லித் தருகிற குரலில் கேட்டார்: "கவாத்து யாருக்காக வெட்டுறாங்கன்னு தெரியுமாய்யா உனக்கு?"

எனக்குத் தெரியவில்லை. அவரே சொன்னார்.

தேயிலை உண்மையில் மரம். விட்டுவிட்டால் முப்பது, நாற்பது அடிக்குக்கூட வளரும். வெள்ளை வெள்ளையாகப் பூக்கும், காய்க்கும். அது நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் கவாத்து. மூன்று, நாலு வருஷத்துக்கு ஒருமுறை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவார்கள். ஆளின் இடுப்பு உயரத்தில், கைக்கு எட்டுகிற மேசையாக, எப்போதும் இளசாகவே நிற்க வேண்டும். பூப்பது கணக்குக்கு நஷ்டம். திராட்சைக் கொடியைக் கனிக்காக வெட்டுகிறார்கள், தேயிலையைக் கனியே வராமலிருக்க வெட்டுகிறார்கள்.

"செடிக்காக யாரும் வெட்டுறதில்ல. தோட்டத்துக்காக வெட்டுறாங்க. எம் புள்ளையையும் அப்படித்தான் வெட்டினாரா உன் சாமி? யாருக்குக் கொழுந்து வேணும்னு?"

நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

*

நான் சொன்னது பொருத்தமில்லாத உவமை, அவ்வளவுதான் என்று கொஞ்ச நாள் என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். தேயிலைக்குப் பதில் திராட்சையோடு நிறுத்தியிருந்தால் சரியாகியிருக்கும் என்று. அந்த அதிகாரத்தைத் திரும்பப் படித்தபோதுதான் தப்பு வேறு இடத்தில் இருப்பது தெரிந்தது. அங்கே பேசுகிறவர் தன்னைத் திராட்சைச் செடி என்கிறார். கத்தி பிடித்தவரின் இடத்தில் நின்று அவர் பேசவில்லை. மறுநாள் சாகப் போகிறவர், தன் கூட்டாளிகளிடம், தானும் வெட்டுப்படுகிற பக்கத்தில் இருந்துகொண்டு சொல்கிற பேச்சு அது. கனி தருகிற கொடியைப் பற்றித் தமிழ் வேதாகமம் பயன்படுத்தும் சொல்கூட வெட்டுவதல்ல, சுத்தம் செய்வதுதான். நான் அதே வார்த்தைகளை எடுத்துக்கொண்டு கத்தியின் பக்கம் போய் நின்றேன். கத்திக்கு விளக்கம் சொன்னேன்.

யோபுவின் மூன்று நண்பர்களும் இதைத்தான் செய்தார்கள். அவர்கள் முதலில் செய்தது மிகச் சரியான காரியம். ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. விதைத்ததை அறுக்கிறாய், காரணமில்லாமல் எதுவும் நடக்காது என்று கடவுளுக்காக வாதாட ஆரம்பித்தார்கள். புத்தகத்தின் முடிவில் கடவுள் கோபப்படுவது கத்திச் சண்டை போட்ட யோபுவின் மேல் இல்லை. தனக்காகப் பேசிய இந்த நண்பர்கள் மேல்தான்.

பெரியம்மா யோபுவை அவ்வளவாகப் படித்தவர் இல்லை. ஆனால் அவர் வீட்டுச் சுவரில் இன்னொரு தாள் இருந்தது. வருஷக் கடைசி ராத்திரி ஆராதனையில், தட்டிலிருந்து ஆளுக்கொன்றாக எடுக்கும் வாக்குத்தத்த அட்டை. அந்த வருஷம் அவர் கைக்கு வந்தது 91-ஆம் சங்கீதத்திலிருந்து ஒரு வசனம். தீங்கு உன் வீட்டுப் பக்கம் வராது என்ற பொருள். மகன் போன பிறகும் அதை அவர் கழற்றவில்லை. டிசம்பரில் ஒரு நாள், தயக்கத்தோடு, எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"இருக்கட்டும். அது பொய்யா நெசமான்னு நான் அவர்கிட்டயே கேட்டுக்கிறேன். நீ வக்காலத்து வாங்காத, அது போதும்."

விசுவாசம் என்று நான் கூட்டங்களில் பேசியதைவிட இது பெரிய விசுவாசம் என்று அன்றைக்கே உறைத்தது. கேள்வி கேட்க ஆள் இருக்கிறது என்று நம்புகிறவர்தானே அட்டையைச் சுவரில் விட்டுவைப்பார்?

*

என் இலக்கிய நண்பர்களிடம் இதைச் சொன்னால் சட்டென்று ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள். ஆறுதல் எல்லாமே பொய், மௌனம் மட்டுமே நேர்மை என்று. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மௌனம் பல நேரம் தப்பித்துக்கொள்ள நல்ல வழி. அடுப்படியிலிருந்து எழுந்து போனபோது நானும் மௌனமாகத்தான் போனேன்.

குறுந்தொகையின் 66-ஆம் பாட்டில் ஒரு தோழி ஆறுதல் சொல்கிறாள். கார்காலம் வந்தால் திரும்பிவிடுவேன் என்று சொல்லிப்போனவன் வரவில்லை. மழை பெய்துவிட்டது, கொன்றை பூத்துவிட்டது. தலைவி உடைந்துபோகிறாள். தோழி என்ன செய்கிறாள்? இது கார்காலமே இல்லை, ஏதோ பருவம் தப்பிப் பெய்த மழை, அதை நம்பிப் பூத்த இந்தக் கொன்றை மரங்கள்தான் முட்டாள்கள் என்கிறாள். அப்பட்டமான பொய். தலைவிக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் அந்தப் பொய் எனக்குப் பிடித்திருக்கிறது. ஏனென்றால் அவள் பருவத்தின் பக்கம் நின்று தலைவிக்குப் பாடம் நடத்தவில்லை. தலைவியின் பக்கம் நின்று பருவத்தைத் திட்டுகிறாள்.

இப்படித் தேற்றுவதற்குப் பழைய தமிழில் 'வற்புறுத்தல்' என்று பெயர். வலிமை ஊட்டுவது. இன்றைக்கு அதே சொல்லுக்குக் கட்டாயப்படுத்துவது என்று அர்த்தம். 'தைரியமா இருங்க', 'அழக் கூடாது', 'எல்லாம் நன்மைக்கே' என்று நாம் துக்க வீட்டில் செய்வது பெரும்பாலும் இரண்டாவது வகை வற்புறுத்தல். எதிரில் இருப்பவர் சீக்கிரம் தேறிவிட்டால் நமக்கு நிம்மதி.

தினம் ஒரு வசனம் என்ற வழக்கத்துக்கும் ஒரு பழைய கதை உண்டு. 1728-ல் ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் கிராமத்தில் சின்சென்டார்ஃப் என்ற பிரபு அடுத்த நாளுக்கென்று ஒரு வாசகத்தைக் கொடுக்க ஆரம்பித்தார். காலையில் ஒரு ஆள் அதை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சொல்வார். 1731-ல் அது புத்தகமாக அச்சானது. இன்றைக்குக் கைபேசிக்கு வரும் தினவசனம் வரைக்கும் அந்த வழிதான். வசனம் மட்டும் அப்படியே வந்து சேர்ந்துவிட்டது. வழியில் உதிர்ந்துபோனது, கதவைத் தட்டிய அந்த ஆள்.

*

நாள்காட்டிப் பனிக்குத் திரும்புகிறேன். உன்னதப்பாட்டின் இரண்டாம் அதிகாரத்தில் ஒரு பருவம் முடிந்து பூக்கள் வருகிற இடம் இருக்கிறது. ஆங்கிலத்தில் அதைக் குளிர்காலம் என்று படித்த கண்கள் பனியை நினைத்துக்கொண்டன. படமும் அப்படியே போட்டார்கள். தமிழ் வேதாகமம் 'மாரிகாலம்' என்கிறது. அதுதான் சரி. பாலஸ்தீனத்துக் குளிர்காலம் மழைக்காலம். நம் மொழிபெயர்ப்பு அந்த மண்ணுக்கு நாள்காட்டியைவிடப் பக்கத்தில் இருக்கிறது. திரிங்காப்புக்கும்தான்.

இதே 'மாரிகாலம்' இன்னொரு இடத்திலும் வருகிறது. பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதாக உள்ள இரண்டாம் கடிதத்தின் கடைசிப் பகுதி. சிறையில் இருக்கிற கிழவர். பலர் விட்டுப் போய்விட்டார்கள். நல்ல போராட்டம், ஓட்டம், கிரீடம் என்று பெரிய வார்த்தைகளெல்லாம் அந்த அதிகாரத்தின் மேல்பாதியிலேயே முடிந்துவிடும். பிறகு சின்னச் சின்னக் கோரிக்கைகள். துரோவாவில் ஒருவரிடம் விட்டுவந்த என் மேலங்கியை எடுத்து வா. புத்தகங்களையும் கொண்டு வா. மாரிகாலத்துக்கு முன்னால் வந்துவிடு. அங்கே பருவம் எதற்கும் உருவகமில்லை. குளிரப் போகிறது, போர்த்திக்கொள்ள ஒன்று வேண்டும், நீயும் வேண்டும். அவ்வளவுதான்.

மழை எங்கள் மலையிலும் உருவகம் இல்லை. 2013 அக்டோபர் 23 அன்று, பெருமழைக்குப் பின் சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட தண்ணீர் பெர்த்தாம் பள்ளத்தாக்கு வீடுகளுக்குள் புகுந்தது. உயிர்கள் போயின. அந்த ஊர்க்காரரிடம் போய் 'புயலுக்குப் பின் அமைதி' என்று யாராவது சொல்வார்களா?

*

அந்த நவம்பரில் பெரியம்மா வீட்டுக்கு வந்துபோனவர்களில் ஒருவரைத்தான் அவர் இன்றைக்கும் சொல்கிறார். பழைய தோட்டத்தில் அவரோடு ஒரே வரிசையில் கொழுந்து எடுத்த அக்கா ஒருவர். சபைக்கே வராதவர், மாரியம்மன் கோவிலுக்குப் போகிறவர். ஒரு கம்பளியும் தூக்குச் சட்டியில் ரசமும் கொண்டுவந்தாராம். தேத்தண்ணி குடித்துவிட்டு, "உன் மகன் சின்னதுல என் கூடைக்குள்ள ஏறி ஒளிஞ்சுக்குவானே, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாராம். "எல்லாரும் சாமி பேரைத்தான் சொன்னாங்க. அவ ஒருத்திதான் எம் மகன் பேரைச் சொன்னா" என்பார் பெரியம்மா. வாரம் ஒருமுறை வந்து, தை பிறந்த பிறகு வருவதைக் குறைத்துக்கொண்டாராம்.

கவாத்து பற்றி அன்றைக்குச் சொல்லாமல் விட்ட ஒன்றைப் பெரியம்மா ரொம்பக் காலம் கழித்துச் சொன்னார். கண்டபடி வெட்ட மாட்டார்கள். வறட்சியில் வெட்டினால் செடி செத்துப்போகும். வேரில் மாவுச்சத்து போதுமான அளவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அயோடின் விட்டுப் பார்க்கும் வழக்கமும் உண்டு. பலவீனமான செடியை முதலில் ஓய்வில் விட வேண்டும். வெட்டும்போதும் ஒன்றிரண்டு கிளையை இலையோடு விட்டுவைக்கிற முறை இருக்கிறது. புதுத் துளிர் வரும்வரை செடி அந்த இலையால்தான் பிழைத்துக் கிடக்கும். துளிர் வந்ததும் அந்தக் கிளையையும் எடுத்துவிடலாம். "மூச்சு விட ஒரு கிளை" என்றார்.

கம்பளி கொண்டுவந்த அக்கா அந்தக் கிளை என்று நினைக்கிறேன். நான் கவாத்துக் கத்தியோடு போனேன், அதுவும் வறட்சியில்.

பருவங்களிலிருந்து ஆறுதல் எடுக்கக் கூடாது என்று இப்போது நான் சொல்ல மாட்டேன். பெரியம்மாவே எடுக்கிறார். ஒவ்வொரு மாதமும் தாளைத் திருப்பி, பார்க்காத பனியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார். எடுத்துக்கொள்வது அவர் உரிமை. அதை அவர் கையில் திணிப்பது என் உரிமை இல்லை. என்னால் முடிந்தது, மாரிகாலத்துக்கு முன்னால் போய்ச் சேர்வது. இந்த வருஷம் செப்டம்பர் கடைசியிலேயே ஈப்போவிலிருந்து மலை ஏறிவிட்டேன். கூரையில் ஒழுகுகிற இரண்டு தகரத்தை மாற்ற வேண்டியிருந்தது.

வேலை முடிந்து இறங்கியதும் பெரியம்மா கேட்டார்: "ஜெபம் பண்ணிட்டுப் போறியாய்யா?"

"நீங்க பண்ணுங்க பெரியம்மா, நான் கேக்குறேன்" என்றேன். அவர் பண்ணினார். நடுவில் மகன் பேர் வந்தது.