குடிக்கூலி வீடும் மனைநூலும்

மனைநூல் பற்றி நம்மிடையே எழும் விவாதங்கள் பெரும்பாலும் ஒரே வினாவைச் சுற்றியே அமைகின்றன: அது விஞ்ஞானமா, மூடநம்பிக்கையா? இரு சாராரும் சளைக்காது வாதிடுவர், முடிவு காண்பதில்லை. ஆயின் இதனினும் கூர்மையான வேறொரு வினா உண்டு. தனக்குச் சொந்தமல்லாத வீட்டில் மாதந்தோறும் குடிக்கூலி செலுத்தி வாழும் ஒருவருக்கு மனைநூல் யாது கூறுகின்றது? சுவரை நகர்த்தவோ வாயிலை மாற்றவோ உரிமையற்ற அவரிடம், ‘அடுப்பு அக்கினி மூலையில் இல்லை’ என்று சொல்வதன் பொருள் யாது? இது விஞ்ஞானம் சார்ந்த வினாவன்று, ஒழுக்கவியல் சார்ந்தது.

வடமொழியிலுள்ள மயமதம், மானசாரம் முதலிய நூல்களும், ஆறாம் நூற்றாண்டைச் சார்ந்த வராகமிகிரரின் பிருகத்சங்கிதையில் மனை பற்றி வரும் பகுதியும், நம் வீடுகளிற் புழங்கும் மனையடி சாத்திரமும் தம்முட் பலவாறு வேறுபடுவன. எனினும் அவை யாவும் முன்னிறுத்துவது கட்டுவோனையே. நிலத்தைத் தெரிதல், மண்ணைச் சோதித்தல், திசை காணல், வாயில் வகுத்தல் என அவை கூறும் ஒழுங்கு வெற்று நிலத்திலிருந்து தொடங்குகின்றது. ஆயம், விரயம், யோனி முதலிய ஆயாதிக் கணிப்புகளில், வீட்டின் அளவிலிருந்து பெறப்படும் நட்சத்திரத்தை வீட்டுத் தலைவனின் பிறப்பு நட்சத்திரத்தோடு பொருத்திப் பார்ப்பதும் இதனாலேயே. யாழ்ப்பாணத்தில் ‘நிலையம் எடுத்தல்’ என வழங்கும் வழக்கமும் அத்திவாரம் வெட்டுமுன் நிகழ்வது. (இம்மரபு தமிழர்க்கு மட்டும் உரியதன்று, ஆனந்த குமாரசுவாமி 1908 இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலில் ‘மயிமதய’ என்னும் சிங்கள மனைநூலை எடுத்தாண்டுள்ளார்.) வீட்டைக் கட்டுவோனும் அதில் வாழ்வோனும் ஒருவனே என்பது இந்நூல்களின் சொல்லப்படாத எடுகோள்.

குடிக்கூலி வீட்டில் இவ்வெடுகோள் முறிகின்றது. இரேவதி நட்சத்திரத்தவருக்கென அளந்த வீட்டிற் பரணி நட்சத்திரத்தவர் வந்து குடியேறுகின்றார்; ஈராண்டு கழித்து வேறொருவர் வருகின்றார். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுந்தோறும் சுவர்கள் தம் பொருத்தத்தையும் புதுப்பித்துக் கொள்ளுமா? வீட்டின் குற்றம் உடையவரைச் சாரும் என்பர் சிலர்; உறைபவரையே சாரும் என்பர் வேறு சிலர். சைவசித்தாந்தத்தின் துணைகொண்டு இதனை நோக்கலாம். வினை சடம், தன்னைச் செய்தவனைத் தானே தேடிச்சென்று பற்றமாட்டாது, ஆகலின் வினைப்பயனை உரியவனுக்குக் கூட்டுவிக்கும் அறிவுடைப்பொருளொன்று வேண்டும் என்பது சிவஞானபோதத்தின் வழிவந்த துணிபு. வினைக்கே இந்நிலையெனிற் செங்கல்லுக்கும் சீமெந்துக்கும் யாது சொல்வது? காணி உறுதியையோ வாடகைப் பற்றுச்சீட்டையோ பார்த்து ஆளை இனங்காண அவற்றால் இயலாது. ‘குற்றமுள்ள வீடு அவன் வினைக்கேற்ப அவனுக்கு வாய்த்தது’ எனச் சித்தாந்தி விடையிறுக்கலாம். அப்பொழுது துன்பத்தின் காரணம் வினையாகுமேயன்றி மூலையாகாது. மூலையை மாற்றிப் பயனுமில்லை.

இது தத்துவச் சிக்கல். நடைமுறையிலுள்ள சிக்கல் இதனினும் பாரதூரமானது. வெள்ளவத்தையிலும் திருநெல்வேலியிலும் நகர்ப்புறங்கள் பலவற்றிலும் காணக்கூடிய ஒரு நிலையை எண்ணிப் பார்ப்போம். வீட்டுக்காரர் தமது வீட்டை நாள் பார்த்து, திசை பார்த்து, அறிந்தவர்களை அழைத்து நிலையம் எடுத்துக் கட்டுகின்றார். பூசையறை ஈசானத்தில் அமைகின்றது. குசினி தென்கிழக்கில் அமைகின்றது. பின்னர் அதே வளவில் எஞ்சிய மூலையில், மதிலோடு ஒட்டி, ஒற்றை யன்னலுடன் இரண்டு அறைகளை எழுப்பி வாடகைக்கு விடுகின்றார். அங்கே அடுப்புக்கும் மலசலகூடத்துக்கும் இடையிலுள்ளது ஒரு செங்கற் கனமேயான சுவர். திசை பற்றிய பேச்சே அங்கில்லை. மூன்று மாத முற்பணம் பற்றிய பேச்சு மட்டுமே உண்டு.

இவரிடம் நாம் கேட்கவேண்டியது ஒன்றே. மனைக்குற்றம் உறைபவருக்குத் தீங்கு செய்யும் என்று அவர் மெய்யாக நம்புகின்றாரா? நம்பின், அறிந்தே பிறரைத் தீங்கினுள் இருத்தி அதற்குக் கூலியும் பெறுகின்றார். நம்பவில்லையெனின், தமக்கென அத்தனை பொருள் செலவிட்டது எதன்பொருட்டு? குற்றம் உடையவரையே சாரும் எனச் சொல்லித் தப்பவும் வழியில்லை. அந்த இரு அறைகளும் அவருடையனவே. மனிதரை வெறும் கருவியாக மட்டும் நடத்தலாகாது எனக் கான்ற் 1785 இல் வெளியிட்ட ஒழுக்கவியல் நூலில் வகுத்த நெறி நமது விரிவுரை மண்டபங்களில் ஆண்டுதோறும் பேசப்படுவது. அதனை அளந்து பார்க்க மதிலோரத்து அறைகளைவிடப் பொருத்தமான இடம் அரிது. நமது நாட்டில் 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டமும், 1973 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டமும் உடைமைக்கும் உறைதலுக்கும் இடையிலான உறவை வினாவுக்குட்படுத்தின. அவற்றின் நன்மை தீமைகள் வேறு விடயம். மனைநூலைப் போற்றுவோர் அந்த வினாவின் அருகே கூட வரவில்லை என்பதே என் குறை.

குடியிருப்போர் பக்கமிருந்து நோக்கின் அநீதி இன்னும் தெளிவாகும். பிள்ளைக்கு நோய் வந்தால், தொழில் போனால், ‘அந்த வீட்டுக்குப் போன நேரம்’ என்று அயல் பேசும். சம்பளத்துக்கு அந்த வீடுதான் கிடைத்தது என்பது பேச்சில் வராது. வறுமையின் விளைவு வறியவரின் கவனக்குறைவாக உருமாறுகின்றது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் பெருந்தொகையாகத் தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது, நிலையம் எடுத்துக் கட்டிய வீடுகளும் எடுக்காது கட்டிய வீடுகளும் ஒருங்கே வெறுமையாயின. கிணறு ஈசானத்தில் இருந்ததால் எந்த வீடும் எறிகணைக்குத் தப்பியதில்லை. சென்ற இடத்திற் பாடசாலைத் தாழ்வாரத்திலும் பிறர் விறாந்தையிலும் தலைசாய்த்தோருக்குத் திசை கேட்க வாய்க்கவில்லை.

இங்ஙனம் கூறுவதால் மனைநூல் முழுவதையும் வீசியெறிய வேண்டும் என்பது கருத்தன்று. ஓலைக்கூரை வேய்ந்த வளவில் அடுப்பைத் தென்கிழக்கில் வைத்தவர்கள் காற்றை அறிந்தவர்கள். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகம் புகையையும் தீப்பொறியையும் பெருவீட்டின்மீது ஏற்றாது அப்பாற் கொண்டுசெல்லும். ஆனால் காரணத்தை அறிந்தோர் விதியை இடத்துக்கேற்பத் திருத்தவும் அறிவர். வட இந்திய அகலக்கோட்டில் வடக்குச் சுவர் ஆண்டின் பெரும்பகுதி வெயில் படாது குளிர்ந்திருக்கும். ஏறத்தாழ 7 பாகை வட அகலக்கோட்டிலுள்ள பேராதனையிலோ ஏப்ரல் முற்பகுதி முதல் செப்டெம்பர் தொடக்கம் வரை நண்பகற் சூரியன் வடக்கேதான் நிற்கின்றது. இதனை அறிந்த குடியிருப்பாளர் படிக்கும் மேசையை எங்கே இடுவது என்பதைத் தாமே தீர்மானிப்பார். கட்டில், மேசை, விளக்கு, திரைச்சீலை, அடைபட்ட யன்னலின் முன்னிருந்து அகற்றப்படும் அலுமாரி: வாடகை வீட்டில் ஒருவர் ஆளக்கூடியவை இவைதாம். இவற்றில் நட்சத்திரத்துக்கு வேலையில்லை, கவனத்துக்கு உண்டு.

குடிபுகும் நாளிற் பால் காய்ச்சும் வழக்கத்தைச் சொந்த வீட்டுக்காரரும் வாடகைக்கு வருவோரும் ஒருபோலவே பேணுகின்றனர். வீட்டைக் கூட்டிக் கழுவி, விளக்கேற்றி, புதுப்பானையிற் பால் பொங்கவிட்டு அயலவர்க்கும் கொடுப்பர். அதற்கு உறுதியும் வேண்டியதில்லை, ஆயாதிப் பொருத்தமும் வேண்டியதில்லை. ஈராண்டுக்கு மட்டும் எழுதிய ஒப்பந்தத்தோடு வந்தவரும் அன்று காலை அந்த அடுப்பைத் தம்முடையதாகவே மூட்டுகின்றார்.