எந்தப் பொதுமக்களின் பாதுகாப்பு?

பொதுமக்களின் பாதுகாப்பு என்னும் தொடருக்கு எதிராக எவரும் வாய் திறப்பதில்லை. பாதுகாப்பு வேண்டாம் என்பவர் யார்? எவராலும் மறுக்கவியலாத அச்சொல்லே ஆள்வோர்க்கு மிக வாய்ப்பான சொல்லாகவும் அமைந்துவிடுகின்றது. இலங்கையில் அவசரகால ஆட்சிக்கு அடிப்படையான சட்டத்தின் பெயரே பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் என்பதாகும். 1947இல், வேலைநிறுத்தம் நாட்டை உலுக்கிய நாட்களில் அது பிறந்தது. தொழிலாளரும் பொதுமக்களே என்பது அதனை இயற்றியோர் நினைவுக்கு வரவில்லை போலும்.

தொண்டைமானாற்றில் வாழ்வோர் இத்தொடரின் பொருளை அகராதியிற் பார்க்க வேண்டியதில்லை. ஊருக்கு மேற்கே பலாலி. இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய விமானப் படை அமைத்த ஓடுபாதை அங்கேயுள்ளது. 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபோது வலிகாமம் வடக்கு மக்கள் தம் ஊர்களை விட்டு வெளியேறினர். வீடும் தோட்டமும் மட்டுமல்ல, ஒழுங்கைகள், பொதுக் கிணறுகள், சந்தைகள், மயானங்கள் ஆகியனவும் உயர் பாதுகாப்பு வலயம் என்னும் பெயருக்குள் அடங்கிப் போயின. தனியார் காணியை இழந்தவரின் துயரைப் பலர் எழுதியுள்ளனர், எழுதவும் வேண்டும். ஆயின் ஊருக்குப் பொதுவாயிருந்தவற்றின் இழப்புப் பற்றிய பேச்சுக் குறைவு. நாம் கேட்க விரும்பும் வினா அங்கேதான் எழுகின்றது. ஒழுங்கை ஊரவரின் பொது. அதை அடைப்பதற்குச் சொல்லப்படும் காரணமும் பொதுவின் நலன். ஒரு பொதுவின் பெயரால் மற்றொரு பொதுவை அடைக்கும் உரிமை யாருக்கு உண்டு? எவ்வளவு காலத்துக்கு உண்டு?

போர் நடந்த காலத்தில் ஆபத்து மெய்யானது என்பதை நாம் மறுக்கவில்லை. கண்ணிவெடி புதைந்த நிலத்தில் மண்டையோட்டுப் படம் வரைந்த பலகையை நட்டு, உள்ளே வராதே என்பவன் உயிரைக் காப்பவன். ஓடுபாதையின் நேரே உயர்ந்த கட்டடம் கூடாது என்னும் விதியும் உலகெங்கும் உள்ளதே. இத்தகைய தடைகளை ஊரவர் வெறுப்பதில்லை. நமது ஊரிலேயே ஒரு தடை இருக்கின்றது. களப்புக் கடலோடு கலக்குமிடத்தில் கட்டப்பட்ட தடுப்பணை கடல்நீர் உள்ளே ஏறாது மறிக்கின்றது. மாரியில் வெள்ளம் மிகும்போது அதன் கதவுகள் திறந்து நீரைக் கடலுக்கு விடவேண்டும். எப்போது திறப்பது என்பதில் கமக்காரனும் மீன்பிடிப்பவனும் வாதாடலாம். எனினும் மூடியவனுக்குத் திறக்கும் கடமையும் உண்டு என்பதிலே இருவருக்கும் ஐயமில்லை. காலத்தைத் தீர்மானிப்பது மழை. மூடியவனின் மனம் அன்று.

நிலத்தின் மீதான தடைகளில் இந்த ஒழுங்கைக் காண்பது அரிது. 2004 டிசெம்பர் 26இன் ஆழிப்பேரலைக்குப் பின், கரையோரத்தில் மீண்டும் வீடு கட்டலாகாது என அரசு ஒரு வலயத்தை வகுத்தது. தெற்கிலும் மேற்கிலும் அதன் அகலம் 100 மீற்றர். வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். மீனவனின் குடிசை மீண்டும் எழுதல் தடுக்கப்பட்டது. உல்லாச விடுதிகளுக்கு விலக்குக் கிடைத்தது. அலைக்குப் பணக்காரன், ஏழை என்ற வேறுபாடு தெரியாது. வலயம் வகுத்தோர்க்குத் தெரிந்திருந்தது. நாடெங்கும் எதிர்ப்பு வலுக்கவே, ஏறத்தாழ ஓராண்டில் அவ்விதி தளர்த்தப்பட்டது. மத்திய அரசு விதித்த தடையை மாற்றவே முடியாது என்பார்க்கு இஃது ஒரு விடை.

பலாலியைச் சூழ்ந்த ஊர்களில் அவ்வாறு நிகழவில்லை. 2009 மே மாதத்தில் போர் முடிந்தது. 2011 ஆகஸ்டில் அவசரகால நிலையும் நீங்கிற்று. ஆபத்து நீங்கினால் தடையும் நீங்க வேண்டும் என்பதே தருக்கம். நடந்ததோ வேறு. 2013 ஏப்பிரலில், 1950ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டத்தின் 2ஆம் பிரிவின்கீழ், வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைப் பொதுத் தேவைக்கு எடுக்கப்போவதாக அறிவித்தல் ஒட்டப்பட்டது. யாழ்ப்பாணத்தார் கணக்கில் அது ஓர் இலட்சத்து இரண்டாயிரம் பரப்பு. பொதுத் தேவை யாதெனின் படைத் தலைமையகம்! காணிக்காரர் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் நீதிமன்றத்தை நாடினர். இதற்கிடையே காங்கேசன்துறைக் கரையில் படையினர் நடத்தும் உல்லாச விடுதியில் விருந்தினர் தங்கினர். வலயத்தினுள்ளே படையினர் பயிர் செய்தனர். விருந்தினரும் விளைச்சலும் இருக்கத்தக்க நிலத்தில் உரியவன் மட்டும் கால் வைத்தால் யாருக்கு ஆபத்து என்பதை எவரும் விளக்கவில்லை.

1843இல் எழுதிய ஒரு கட்டுரையில் இளம் மார்க்ஸ், பாதுகாப்பு என்பதே முதலாளித்துவச் சமூகத்தின் தலையாய கருத்து, அது பொலிஸின் கருத்து என்னும் பொருள்படக் கூறினார். அவர் கண்டது தனியுடைமையைக் காக்கும் காவலை. இங்கு நாம் காண்பது உடைமையை உரியவனிடமிருந்தே காக்கும் காவல். அவர் கூட இதனை எதிர்பார்த்திரார்.

2015இன் பின் நிலம் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டது. 1990இல் இடம்பெயர்ந்த நடேஸ்வராக் கல்லூரி 2016இல் தன் வளவுக்கு மீண்டது. 2017இல் மயிலிட்டித் துறைமுகம் திறந்தது. 2025 ஏப்பிரலில் பலாலி – வசாவிளான் வீதி திறக்கப்பட்டபோது, காலை 6 மணி முதல் மாலை 5 மணி வரை மட்டுமே செல்லலாம், நடந்து செல்லலாகாது, படம் பிடிக்கலாகாது என்று நிபந்தனைகள் இருந்தன. இவற்றாற் பயன் இல்லை என்று நாம் கூறவில்லை. இருபத்தாறு ஆண்டு வேற்றிடத்திற் படித்த மாணவர் தலைமுறைக்குப் பள்ளி வளவின் அருமை தெரியும். ஆயின் ஒவ்வொரு முறையும் மேடையும் மாலையும் உரையும் எதற்கு? இரவல் வாங்கியவன் திருப்பிக் கொடுக்கும்போது கொடைவள்ளல் ஆவதுண்டோ? விடுவிப்பைக் கொடையாக்கினால், கொடாதிருப்பதும் கொடுப்பவனின் உரிமையாகிவிடும். இதுவே நம் மனத்தை அதிகம் உறுத்துவது.

சட்டம் இதற்குத் துணை நிற்கின்றது. 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் காணியை மாகாணத்துக்குரிய விடயமாக்கிய கையோடு, அரச காணியைக் குடியரசின் கையிலேயே வைத்தது. அது கூறிய தேசியக் காணி ஆணைக்குழுவும் அமைக்கப்படவில்லை. வட மாகாண சபைத் தேர்தல் 2013 செப்டெம்பர் 21இல் நடந்தது. ஐந்து நாள் கழித்து, அரச காணி மீது மாகாண சபைக்குள்ள அதிகாரம் குறுகியதே என உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஊரின் ஒழுங்கை பற்றிய முடிவு கொழும்பில்; அதனால் ஊரைச் சுற்றிப் போகும் நடை மட்டும் ஊரவனுக்கு.

2025 மே 6இல் உள்ளூராட்சித் தேர்தல் நடந்து சபைகள் மீண்டும் அமைந்தன. காணி அதிகாரம் அவற்றிடம் இல்லை, எழுதுகோல் உண்டு. தத்தம் எல்லையில் இன்னும் அடைபட்டிருக்கும் ஒழுங்கை, கிணறு, மயானம் அனைத்தையும் ஓர் இடாப்பில் எழுதி, ஒவ்வொன்றின் எதிரேயும் இரண்டு நிரல்களை வெறுமையாக விட்டு மத்திக்கு அனுப்பலாம். ஒரு நிரல் ஆபத்து யாது என்பதற்கு. மற்றது எந்நாள்வரை என்பதற்கு. ஓடுபாதைக்கு அண்மையிலுள்ள சிலவற்றுக்கு நேர்மையான விடை வரக்கூடும். வந்தால் ஊரவர் ஏற்பர். எஞ்சியவற்றின் எதிரே என்ன எழுதப்படுகின்றது என்பதை நாம் பார்க்க வேண்டும்.