பள்ளிகளின் கூட்டும் பிள்ளைகளின் நலமும்

ஒரு நாட்டுப் பள்ளி இன்னொரு நாட்டுப் பள்ளியோடு தொடர்பு வைத்துக்கொள்வது புதிய வழக்கம் அல்ல. யுனெஸ்கோ நிறுவனம் 1953ஆம் ஆண்டிலேயே இணைப்புப் பள்ளிகள் என்றொரு திட்டத்தைத் தொடங்கியது. ஐரோப்பியப் பள்ளிகள் 2005 முதல் கணினி வழியாக ஜோடி சேர்ந்து பாடம் படிக்கின்றன. நாடுகளுக்கிடையே நல்லெண்ணம் வளர்ப்பதே முதலில் நோக்கமாக இருந்தது. பின்னர் 'மாணவர் நலம்' என்பதும் அதோடு சேர்ந்துகொண்டது. தொலைவில் ஒரு தோழன் இருந்தால் பிள்ளையின் மனம் விரியும், தனிமை குறையும் என்கிறார்கள். அது உண்மைதான்.

தாகேதாவில் நம் கோயில் மாலை வகுப்புப் பிள்ளைகளுக்கும் மலேசியத் தமிழ்ப்பள்ளி ஒன்றுக்கும் இத்தகைய தொடர்பை ஏற்படுத்தலாமா என்று சங்க அன்பர்கள் கேட்டிருக்கிறார்கள். கோலாலம்பூரில் இருப்பவன் என்பதால் என் கருத்தையும் எழுதச் சொன்னார்கள். செய்யலாம், செய்ய வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் அதற்கு முன் ஒரு கேள்விக்கு நாம் விடை காண வேண்டும். எப்போதும் வாங்கிக்கொள்ளும் பக்கத்திலேயே நிற்கும் பிள்ளைக்கு நலம் உண்டாகுமா?

இக்கேள்வி எனக்கு எங்கே எழுந்தது என்று சொல்ல வேண்டும். மலேசியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் சேராத நாடு. இங்கே அகதிகளின் பிள்ளைகள் அரசுப் பள்ளியில் சேர முடியாது. கடைவீடுகளின் மாடியில் நடக்கும் கற்றல் மையங்களே அவர்களுக்குப் பள்ளி. அப்படியொரு மையத்துக்கு நான் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். வசதியுள்ள பள்ளிகள் சில அதனோடு கூட்டு வைத்திருக்கின்றன. அந்த மாணவர்கள் பேருந்தில் வருவார்கள், புத்தகப் பை தருவார்கள், பாடுவார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள். நம் பிள்ளைகள் வரிசையில் நின்று நன்றி சொல்வார்கள். ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது பொருள் வரவுப் புத்தகத்தைப் புரட்டினேன். வந்தவை பக்கம் பக்கமாக இருந்தன. 'அனுப்பியவை' என்ற பத்தியில் ஒரே ஒரு பதிவுதான் திரும்பத் திரும்ப வந்தது: நன்றிக் கடிதங்கள். அவற்றை எழுதும் வகுப்பில் நம் ஊர்ச் சிறுமி ஒருத்தி, "இந்தத் தடவை சோகமா எழுதணுமா, சந்தோஷமா எழுதணுமா, சார்?" என்று கேட்டாள்.

வந்தவர்கள் நல்லவர்கள். அவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை என்ன கற்றுக்கொண்டாள் என்று பாருங்கள். தன்னிடம் பிறருக்குத் தேவைப்படுவது தன் துன்பம் ஒன்றுதான், அதை அளவறிந்து எடுத்து நீட்ட வேண்டும் என்று கற்றுக்கொண்டாள். புத்தகப் பை கிடைத்தது. நலம் கிடைத்ததா?

திருவள்ளுவர் ஒப்புரவறிதல் என்று ஓர் அதிகாரமும், அடுத்து ஈகை என்று தனியாக இன்னோர் அதிகாரமும் வகுத்தார். இரண்டும் ஒன்றே என்றால் இரண்டு அதிகாரம் எதற்கு? ஈகை என்பது இல்லாதவருக்கு இருப்பவர் கொடுப்பது. அங்கே ஒருவர் கை மேலே, ஒருவர் கை கீழே. ஒப்புரவு என்பது ஊரோடு சேர்ந்து வாழ்வதால் பிறக்கும் கடமை. அச்சொல்லுக்குள்ளேயே 'ஒப்பு' இருக்கிறது. ஒப்புரவு செய்பவர் பதிலுக்கு எதையும் எதிர்பார்ப்பதில்லையே என்று கற்றறிந்தோர் கேட்கலாம். சரிதான். கொடுப்பவர் பதிலை எதிர்பார்க்கக் கூடாது என்பது வேறு, வாங்குபவர் கொடுக்கவே வழியில்லாமல் செய்துவிடுவது வேறு. முன்னது அறம். பின்னது, நல்லெண்ணத்தோடு செய்தாலும், ஒரு பிள்ளையைச் சிறியவனாக்கி வைப்பது.

பசிக்கிற வயிற்றுக்கு இந்தத் தத்துவம் எதற்கு என்று இன்னொருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. உதவி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உதவி பெரியவர்களிடமிருந்து பெரியவர்களுக்கு வரட்டும். நிர்வாகக் குழு வாங்கி, எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றுபோலக் கொடுக்கட்டும். தமிழகத்தில் காமராசர் 1956இல் மதிய உணவுத் திட்டத்தை விரிவாகக் கொண்டுவந்தபோது பிள்ளைகள் ஒரே வரிசையில் உட்கார்ந்து உண்டார்கள். அந்தச் சோற்றுக்காக எந்தப் பிள்ளையும் யாருக்கும் நன்றிக் கடிதம் எழுத வேண்டியிருக்கவில்லை. பிள்ளைக்கும் பிள்ளைக்கும் இடையே நடப்பது மட்டும் வேறாக இருக்க வேண்டும். அது கூட்டாக இருக்க வேண்டும்.

'கூட்டு' என்றால் என்ன என்பதற்கு என் தொழிலில் தெளிவான விடை உண்டு. பர்மா இந்தியாவோடு இணைந்திருந்த காலத்தில், 1932இல், கூட்டு வணிகச் சட்டம் வந்தது. அதன்படி பங்காளிகள் இலாபத்தைப் பகிர்ந்துகொள்ள உடன்பட்டவர்கள். ஒவ்வொரு பங்காளிக்கும் கணக்குப் புத்தகங்களைப் பார்க்கும் உரிமை உண்டு. பணம் போட முடியாதவர் உழைப்பையே முதலாகப் போடலாம். அவரும் பங்காளிதான், கூலியாள் அல்ல. அப்படியானால் தாகேதாப் பிள்ளைகள் போடக்கூடிய முதல் எது?

மலேசியாவில் தமிழ்க் கல்வி 1816இல் பினாங்கில் தொடங்கியது. இன்று 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. பாடநூல், ஆசிரியர், கட்டடம் எல்லாம் உண்டு. நம் நாட்டில் 1965 முதல் தனியார் பள்ளிகள் அரசுடைமையானபின், தமிழ் கோயில் மண்டபத்திலும் வீட்டுக் கூடத்திலுமே பிழைத்திருக்கிறது. பச்சைக் கைலியும் வெள்ளைச் சட்டையுமாகப் பகலில் பர்மியப் பள்ளிக்குப் போய், மாலையில் நம்மிடம் 'அ, ஆ' எழுதும் பிள்ளைகள் இரண்டு எழுத்துகளை அறிந்தவர்கள். பர்மிய எழுத்தை அங்குள்ள தோழனுக்கு இவர்கள் கற்றுக்கொடுக்கலாம்.

இன்னும் பெரிய முதல் ஒன்று இருக்கிறது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட பல்லாயிரம் தமிழர்கள் சயாம் மரண ரயில்பாதையில் மாண்டார்கள். 1943 அக்டோபரில் முடிந்த அந்த 415 கிலோமீட்டர்ப் பாதையின் பர்மா முனை, மோன் மாநிலத்துத் தன்பியூசயாட். 1944 ஜனவரியில் நேதாஜி தம் தலைமையகத்தை இரங்கூனுக்கு மாற்றியபோது, மலாயாத் தமிழ்ப் பெண்கள் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து இங்கே வந்தார்கள். அங்குள்ள பிள்ளைகளின் பூட்டன் பூட்டிமாரின் கதையில் பாதி நம் மண்ணில் கிடக்கிறது. நம் வீடுகளிலோ 1942இல் இந்தியாவுக்கு நடந்தே போனவர்களின் கதையும், 1964இல் கடையை இழந்து கப்பலேறியவர்களின் கதையும், 1959இல் யாங்கோனின் புதுநகராகத் தாகேதா உருவானபோது சேற்றில் குடிசை போட்டவர்களின் கதையும் உண்டு. இவற்றைக் கேட்டு எழுதி அனுப்பச் சொல்லுங்கள். ஒரு பிள்ளை பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்டாலே, பாதி நலம் அங்கேயே வந்துவிடும். தான் எழுதியதற்கு, 'அப்புறம் என்ன நடந்தது?' என்று கடல் கடந்து ஒரு கேள்வி வந்தால் மீதியும் வரும். 'பாவம்' என்று எழுதுபவன் இரக்கப்படுகிறான். 'அப்புறம்' என்று கேட்பவனுக்கு நம் பிள்ளை தேவைப்படுகிறான்.

நிர்வாகக் குழு பரிசீலிக்க நான்கு யோசனைகளைத் தருகிறேன்.

முதலாவது, பிள்ளைகளின் முகப்படம், முழுப்பெயர், முகவரி எதுவும் வெளியே போகக் கூடாது. 2021க்குப் பின் நம் ஊர் நிலைமை வாசகர்கள் அறிந்ததே. குழந்தையின் அந்தரங்கத்தைக் காக்க வேண்டும் என்று ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 16ஆம் பிரிவு கூறுகிறது. நம் நாடு 1991இலேயே அதில் சேர்ந்துவிட்டது. சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தம் மொழியும் சமயமும் பேணும் உரிமையைத் தருகிற 30ஆம் பிரிவும் அதில்தான் இருக்கிறது.

இரண்டாவது, மின்சாரத்தையும் இணையத்தையும் நம்பி இத்தொடர்பைத் தொடங்க வேண்டாம். காகிதக் கடிதம் போதும். போகிறவர் வருகிறவர் கையில் மாதம் ஒரு கட்டு போனால் போதும்.

மூன்றாவது, பெரிதாகத் தொடங்கி ஓராண்டில் ஓய்வதைவிட, பத்துப் பிள்ளைகளோடு ஐந்தாண்டு நடத்துவது மேல். பதில் வராத கடிதம் பிள்ளையின் மனத்தில் நெடுநாள் இருக்கும். ஆகவே எப்படி நிறுத்துவது என்பதையும் தொடங்கும்போதே இரு தரப்பும் பேசிக்கொள்ள வேண்டும்.

நான்காவது, பேரேட்டில் இரண்டு பத்தி போடுங்கள்: அங்கிருந்து வந்தது, இங்கிருந்து போனது. பெற்றோர் எப்போது கேட்டாலும் அதைக் காட்டுங்கள். இரண்டாவது பத்தியில் நன்றிக் கடிதம் தவிர வேறொன்றும் இல்லையென்றால், அந்த ஆண்டுக் கூட்டில் நாம் பங்காளிகளாக இருக்கவில்லை என்று பொருள்.

மலேசியப் பள்ளி ஆசிரியர்களிடம் பேசும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன். அவர்களிடம் நான் முதலில் கேட்கப்போவது, தங்கள் பிள்ளைகள் நம் பிள்ளைகளிடமிருந்து எதைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறார்கள் என்பதே. பெரியோர்களும் பெற்றோர்களும் கூடிப் பேசி, தங்கள் கருத்தைச் சங்கத்துக்குத் தெரிவிக்குமாறு அன்புடன் வேண்டுகிறேன்.